லீவர் இருந்த இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை நடை. வரும் வழியில் பால், கொத்தமல்லி. மனைவி வசந்தாமணி கேட்டது புதினாவாம். திரும்பப் போய் வாங்கி வந்தேன்.

பத்து மணிக்குத் தம்பி நாச்சிமுத்து வீட்டுக்குப் போனபோது பட்டறைக் கதவு திறந்திருந்தது. ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்த கதவு. உள்ளே கரூர்க்காரர் ஒருவர் இரும்பு கடையும் லேத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து பார்க்கிறார், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

தம்பி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில். அந்தக் கையை அவன் இடது கையால் தூக்கி எடுத்து வைப்பான். யாரோ கொடுத்து வைத்த பொருளைப் பத்திரப்படுத்துவதுபோல.

"மாமா, இவரு மெஷினைக் கேக்கறாருங்க" என்றாள் சம்பூர்ணம், தம்பி மனைவி. "செப்டம்பர் பதினாலு ஞாயித்துக்கெழமை வண்டியோட வர்றாராம்."

"எதுக்கு அவசரம்? அவன் ஓட்டுவான்."

"எதைய வெச்சு ஓட்டுவாரு? சோத்துக் கையில ஒரு டம்ளரு நிக்க மாட்டீங்குது. அந்தச் சக்குல கை சிக்குனா நானு எங்க போயி நிக்கறது?"

அவள் கேட்டது நியாயம். ஆனாலும் முப்பத்தோரு வருடம் அந்த லேத்தின் முன்னால் நின்றவன் அவன். பக்கவாதம் வந்த பிறகும் காலையில் எழுந்ததும் பூட்டிய பட்டறைக் கதவுக்கு முன்னால்தான் நாற்காலியைப் போடச் சொல்கிறான். நான் சொன்னேன்: "லேத்தை அவனுக்குத் தகுந்த மாதிரி மாத்தித் தர்றேன். நாப்பது நாள் குடு."

சம்பூர்ணம் கரூர்க்காரரைப் பார்த்தாள், லேத்தைப் பார்த்தாள். பிறகு, "ஒரு புஷ்ஷு" என்றாள். "மோட்டாருத் தண்டுல மாட்டற பித்தளை புஷ்ஷு ஒண்ணே ஒண்ணு. அவரே தனியா கடையோணும், நானு பக்கத்துல நின்னு பாப்பேன். ஒழுங்கா வந்துச்சுன்னா மெஷினு இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா வண்டியில ஏத்தியுட்டுருவேன்."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுக்குப் பேச்சு இப்போது மெதுவாகத்தான் வருகிறது. "சரின்னுதானே சொல்ற?" என்றேன். தலையாட்டினான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

முப்பத்து நான்கு வருடம் அறிவியல் நடத்தியவனுக்கு இது பெரிய கணக்கல்ல. வகுப்பில் ஒரு பையனைக் கூப்பிட்டுக் கதவைக் கீல் ஓரமாகத் தள்ளச் சொல்வேன். முக்குவான். பிறகு ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டுக் கைப்பிடி ஓரம் தள்ளச் சொல்வேன். ஒற்றை விரலால் திறந்துவிடுவாள். அவ்வளவுதான் விஷயம். கைப்பிடி தள்ளிப் போனால் குறைந்த பலமே போதும்.

டேப் வைத்து லேத்தை அளந்தேன். வெட்டுகிற டூலை இரும்புக்குள் செலுத்துகிற கைப்பிடி உள்ளங்கை அளவு. இறுக்கிப் பிடித்துச் சுற்ற வேண்டும். அதற்குப் பெரிய சக்கரம் வேண்டும். சக்கை இறுக்குகிற சாவிக்கு இரண்டு கை வேண்டும். அதை ஒரு கைச் சாவியாக்க வேண்டும். நிற்க முடியாது, உயரமான ஸ்டூல் வேண்டும். லேத்தை ஓட வைத்து நிறுத்துகிற லீவர் வலப்பக்கம், இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அதை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. சாப்பாட்டு மேசையை அளந்தேன். வசந்தாமணி, "என்னையும் அளந்து வெச்சுக்குங்க" என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பழைய இரும்புக் கடையில் தையல் மெஷின் சக்கரம் ஒன்று கிடைத்தது. எதிர்ப் பட்டறை வெல்டர் ஜெயபால் அதைப் பொருத்திக் கொடுத்தார்.

"வாத்தியாரே, லேத்துல ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

"நீ தைச்சுக் குடு, நான் காஜா எடுக்கறேன்" என்றேன்.

சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. என் சுண்டு விரலால் சுற்றிப் பார்த்தேன். தம்பி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படி?" என்றேன். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயபால், "சூப்பருங்க" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போன் பேட்டரி நிற்பதில்லை. புதிது வாங்கக் கடைக்குப் போனேன். பழைய அழைப்புப் பட்டியல் புதுப் போனுக்கு வராது என்றார் கடைக்காரர். வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஸ்டூல் தயார். நான்கு இரும்புக் குழாய்க் கால்கள், முதுகுக்குச் சாய்மானம், இடுப்புக்குப் பெல்ட். லேத்தின் முன்னால் நானே உட்கார்ந்து பார்த்து, ஜெயபாலை உயரம் குறிக்கச் சொன்னேன். கச்சிதம்.

சாவியும் ஆயிற்று. லாரி டயர் கழற்றுகிறவர்கள் வைத்திருப்பார்களே, ஒரே பக்கம் கடகடவென்று இறுகுகிற மாதிரி. ஒரு கையாலேயே சக்கை இறுக்கிவிடலாம். இறுக்கிப் பார்த்தேன். மலைபோல நின்றது.

சம்பூர்ணம் டீ கொண்டுவந்தாள். வாசலோடு நின்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பட்டறைக்குள் வருவதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று லீவர் வேலை. வலப்பக்கத்து லீவரைக் கழற்றினோம். கீழே ஓடும் நீளத் தண்டின் இடது முனையில் புதிய லீவர். தூக்கினால் ஓடும், அமுக்கினால் நிற்கும், எல்லாம் பழையபடி. பக்கம்தான் வேறு. இடது கை நல்ல கை. நல்ல கைக்குப் பக்கத்தில் நிறுத்துகிற லீவர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

கழற்றும்போது தம்பி, "அண்ணா, அந்த லீவரு..." என்றான்.

"ஆமா, அதைத்தான் இந்தப் பக்கம் கொண்டுவர்றேன். இனி நீ வலது கையை எதிர்பார்க்கவே வேண்டாம்."

"அதில்லீங், அது வந்து..."

"கனமா இருக்கும்னு பாக்கறயா? வெண்ணெய் மாதிரி போகுது பாரு."

அவன் விட்டுவிட்டான். பழைய லீவரைக் கேட்டு வாங்கி, பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 23, சனி

பிசியோதெரபிக்குப் புதிய பெண் வந்தாள். முதலிலிருந்து எல்லாம் கேட்டாள். முதல் அறிகுறி எத்தனை மணிக்குத் தெரிந்தது என்றாள்.

"நானு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தனுங்க" என்றாள் சம்பூர்ணம். "மூணு மணிக்கு வந்து பாக்கறப்ப வாய் கோணிக் கெடந்தாரு. சீக்கிரம் கொண்டு போயிருந்தா ஊசியிலயே சரி பண்ணிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. மூணு மணிக்கு முன்னால எப்ப ஆச்சுன்னு ஆருக்குத் தெரியும்?"

தம்பி சுவரைப் பார்த்தான். வெளியே யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மின் கட்டணம். ரேஷன் கடை. வேட்டி இஸ்திரி.

மரத்துப்போன கைக்கு உதாரணம் சொல்வது சுலபம். சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரக்கிறது, நரம்பு அழுந்துகிறது, உதறினால் சரியாகிவிடுகிறது. தலைக்கடியில் கையை வைத்துத் தூங்கி எழுந்தாலும் அப்படித்தான். வகுப்பில் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். மிக நல்ல உதாரணம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நடை மட்டும். மூன்று முறை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெள்ளோட்டம். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றிருந்தேன். சம்பூர்ணம்தான், "இன்னும் பன்னெண்டு நாளுதானுங்க இருக்குது" என்றாள். முதல்முறையாகப் பட்டறைக்குள் வந்து சுவரோரம் நின்றாள்.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தான். பெல்ட் போட்டேன். பித்தளைக்கு முன் ஒரு சாதா இரும்புத் தண்டில் பழகட்டும் என்று கொடுத்தேன். இடது கையால் சக்கில் மாட்டி, புதுச் சாவியால் இறுக்கினான். இடது லீவரைத் தூக்கினான். லேத் ஓடியது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். ஜெயபால் தன் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

தையல் மெஷின் சக்கரத்தைச் சுற்றினான். டூல் தொட்டது. இரும்பு சுருள் சுருளாக வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு கோணல்கூடத் தெரியவில்லை.

அப்போது தண்டு ஆட ஆரம்பித்தது. நான் என் கையால் இறுக்கிப் பார்த்துத்தான் சாவி சரி என்று முடிவு செய்திருந்தேன். அவன் கையின் இறுக்கம் போதவில்லை. தடதடவென்று அடித்தது. லீவரை அமுக்க வேண்டும். லீவர் அவன் இடது கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

இடது கை சக்கரத்திலேயே இருந்தது. அசையவில்லை. அசைந்தது வலது கை. மடியிலிருந்து எழுந்து, நேராகப் பழைய லீவர் இருந்த இடத்துக்குப் போய், அங்கே எதுவும் இல்லாததால் காற்றைப் பிடித்துக் கீழே அமுக்கியது. மறுபடி தேடியது. மறுபடி அமுக்கியது.

நான் சுவர் சுவிட்சை அடித்தேன். அதற்குள் டூல் முனை உடைந்து, சம்பூர்ணத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் பட்டு விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

சம்பூர்ணம் நேராக அவனிடம் போனாள். பெல்ட்டை அவிழ்த்து, அவனை எழுப்பி, வீட்டுக்குள் கூட்டிப் போனாள். பிறகு பட்டறைக் கதவைப் பூட்டினாள். நான் உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் பூட்டிவிட்டாள். ஜெயபால் போய்ச் சொன்ன பிறகு திறந்தாள்.

செப்டம்பர் 3, புதன்

தூக்கமில்லை. விடிந்ததும் போனேன். தம்பி வாசலில் நாற்காலியில் இருந்தான். மடியில் பழைய லீவர்.

"மன்னிச்சுக்கோப்பா. கணக்குல எங்கயோ..." என்று ஆரம்பித்தேன்.

இடது கையைத் தூக்கி, பேச்சை நிறுத்தச் சொன்னான். பிறகு பேசினான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிகளில் நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆபத்துன்னா... கையி யோசிக்காதுங்ணா. அது பாட்டுக்குப் போகும். முப்பத்தோரு வருசம் போன எடத்துக்குத்தான் போகும். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க... உடுல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து அந்தக் கையி எந்திரிச்சுதுல்ல. பாத்தீங்களா? பிசியோகாரங்க அஞ்சு மாசமா எழுப்பிப் பாத்தாங்க. எந்திரிக்கல. லீவரைத் தேடி எந்திரிச்சுது." லீவரை என் பக்கம் நீட்டினான். "இதையக் கொண்டுபோயி... இருந்த எடத்துல வையிங்க."

வாங்கிக்கொண்டேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தப் போனுக்காக நீங்க இப்புடிப் பாடுபட வேண்டாமுங்ணா."

எந்தப் போன் என்று கேட்டேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"கை மரமரங்குதுன்னு நானு கூப்பிட்டனே. தூக்கத்துல நரம்பு அழுந்திருக்கும், ஒதறிட்டுப் படுத்துக்கன்னு சொன்னீங்களே. காலு மரக்கறது, சப்பணம்... எல்லாம் சொன்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க. நானும் படுத்துட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அவகிட்ட சொல்லலீங். சொல்லவும் மாட்டேன்."

ஒரு போல்ட் கீழே விழுந்திருந்த ஞாபகம். தேடினேன். நாற்காலிக்கடியில் வெகு நேரம் தேடினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவர்கள் மூன்று பேர் போன் செய்தார்கள். நான் எதையும் எளிதாகப் புரிய வைப்பேனாம்.

செப்டம்பர் 6, சனி

பழைய லீவர் பழைய இடத்தில். தம்பி சொல்லச் சொல்ல ஜெயபால் செய்தார், நான் விளக்குப் பிடித்தேன். ஒரே ஒரு மாற்றம், அதுவும் தம்பி சொன்னது. லீவரை ஒரு சாண் நீட்டி, முனையில் துணி சுற்றியிருக்கிறது. அந்தக் கைக்குப் பிடித்து அமுக்கப் பலமில்லை. ஆனால் மேலே வந்து விழுந்தால் போதும், கையின் கனத்துக்கே லேத் நின்றுவிடும். இடது லீவரும் இருக்கிறது, ஓட வைக்க. இரண்டும் ஒரே தண்டில்தான். சாவிக்கும் நீளமான பிடி போட்டாயிற்று. இந்த முறை தம்பி இறுக்கிய பிறகு நானும் ஜெயபாலும் சேர்ந்து சக்கில் மாட்டிய இரும்பை ஆட்டிப் பார்த்தோம்.

"வாத்தியாரு இன்னிக்குப் பாடமே எடுக்கலியே, ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார் ஜெயபால்.

லேத்தை ஓடவிட்டு, தம்பி நாற்பது முறை நிறுத்தினான். முப்பத்தாறு முறை கை சரியாக விழுந்தது. ஆனால் சம்பூர்ணம் வரவில்லை. கரூர்க்காரருக்கு நேற்றே போன் செய்து பதினாலாம் தேதியை உறுதி செய்துவிட்டாளாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதுகிறேன். மார்ச் 11, செவ்வாய், காலை பதினொன்றே கால். பதினோரு நிமிடம் பேசினேன். அவன் நான்கு சொல் சொன்னான். மீதி நான்.

செப்டம்பர் 11, வியாழன்

சம்பூர்ணத்திடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள், மறுபடி வடித்தாள். ஐந்தாறு முறை. அரிசியில் களைவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

"பதினொண்ணே காலு" என்றாள்.

"ஆமா."

"நானு மூணு மணி, மூணு மணின்னு... கல்யாணத்துக்குப் போகாம இருந்திருந்தான்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவள் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

போகலாம் என்று எழுந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அவருக்கு ஒண்ணுன்னா மொதல்ல கூப்புடறது உங்களத்தானுங்க மாமா. என்னையக்கூட இல்ல. இனியும் அப்படித்தான் கூப்புடுவாரு. கூப்புட்டா ஒண்ணும் சொல்லாதீங்க. வந்துருங்க. அவ்வளவுதான்."

வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "ஞாயித்துக்கெழம நானு மெயின் சுவிட்சுகிட்ட நிப்பேன்" என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கரூர்க்காரர் எட்டு மணிக்கே வண்டியோடு வந்துவிட்டார். சம்பூர்ணம் அவருக்கு நாற்காலி போட்டு, "ஒரு மணி நேரம் பொறுங்க" என்றாள். உள்ளே போய்ச் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வாசலில். பேசமாட்டேன் என்று சொல்லித்தான் அங்கே நிற்க அனுமதி.

முன்பெல்லாம் தம்பி ஒரு புஷ் கடைய எட்டு நிமிடம். இன்று ஐம்பத்தைந்து நிமிடம். நடுவில் இரண்டு முறை கை நழுவியது. இரண்டு முறையும் வலது கை எழுந்து போய் லீவர் மேல் விழுந்தது. லேத் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓட்டினான். பித்தளைத் தூள் மஞ்சளாக அவன் வேட்டியெல்லாம்.

கழற்றி, துடைத்து, அவளிடம் நீட்டினான். அவள் ஒரு கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமலே வாங்கினாள். அளவு பார்ப்பதற்கென்று மேசையில் வைத்திருந்த மோட்டார்த் தண்டில் அதை மாட்டினாள். வழுக்கிக்கொண்டு இறங்கி, ஆடாமல் நின்றது. கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

வெளியே வந்து கரூர்க்காரரிடம், "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அவர் கோபித்துக்கொண்டார். உள்ளே போய் லேத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் டீ குடித்தார். "தையல் மிசின் சக்கரத்த மாட்டிப்போட்டீங்களேப்பா. இனி இதைய ஆரு வாங்குவா?" என்றார். தம்பி சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். போன். தம்பி. "அண்ணா" என்றான். பின்னால் லேத் சத்தம் இல்லை.

அவ்வளவுதான் கேட்டேன். செருப்பு போடவில்லை. இரண்டு தெரு. ஓடினேன் என்று சொல்ல இந்த வயதில் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடக்கவில்லை.

பட்டறையில் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கையில் போன். என்னை மேலும் கீழும் பார்த்தான். என் பாதி முகத்தில் சோப்பு நுரை. அவன் சிரித்தபோது வாய் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது.

"இப்ப நம்ம ரண்டு பேருத்துக்கும்... பாதி மூஞ்சிதான்" என்றான்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வரவில்லை. அவன் கைகளும் வாயும் நேற்று இருந்தபடியேதான் இருந்தன. எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவன் ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தினான். காத்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தான்.

"இந்த ஸ்டூல... உங்க ஒசரத்துக்கு வெச்சுப்போட்டீங்ணா. மூணு வாரமாக் காலு... தொங்குது. மூணு விரக்கட... எறக்கோணும்."

முழு வாக்கியமும் வந்து முடிந்தது. அதன் பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. இல்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். பேசியது ஒன்பது விநாடி.

அவனைப் பிடித்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். ஸ்டூலைக் கவிழ்த்து, அவன் குறித்துக் கொடுத்த இடத்தில் ரம்பத்தை வைத்தேன். நான்கு காலும் சமமாக வர மூன்று முறை அறுக்க வேண்டியிருந்தது. முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது.